பிஸ்கெட் யார் கைக்கு வரும்?

அஞ்செட்டிக்காரன் என்றால் பாம்போடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் என்று ஓசூரில் சிலருக்கு ஒரு நினைப்பு. காலித் அந்த நினைப்பைத் திருத்தியதில்லை. திருத்தாமல் சும்மா இருந்திருந்தாலாவது பிழைத்திருப்பான். ஒருநாள் கம்பெனி கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எங்கூர்ல செருப்பை ரெண்டு தட்டு தட்டித்தான் காலை விடுவோம். உள்ள ஒன்னும் இல்லன்னாத்தான் அதிசயம்" என்று எடுத்துவிட்டான். உண்மையில் அவன் குடும்பம் அஞ்செட்டி மலையை விட்டு இறங்கியபோது அவனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. குளியலறைச் சுவரில் பல்லியைக் கண்டால் அடக்கிக்கொண்டு பஸ் ஏறி, கம்பெனிக்கு வந்து போகிற ஆள் அவன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டதும் பாம்பிடம்தான்.

அதே மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவன் ஹரீஷ்குமார். டிசைன் பிரிவு இன்ஜினியர், பெங்களூர்ப் பையன். கம்பெனி அவனைப் புனேவுக்கு மாற்றியிருந்தது. அவனிடம் ஒரு பாம்பு இருந்தது. ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஜாதி, விஷம் கிடையாது. மணிக்கட்டைவிடக் கொஞ்சம் தடிமன், துப்பட்டாவில் பாதி நீளம். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பழுப்பும் மஞ்சளுமாக இருந்ததால் பேர் பிஸ்கெட்.

"அண்ணா, புனே ரூம்ல பாம்பு கூடாதாம். உங்களை விட்டா எனக்கு யாருண்ணா இருக்காங்க?" என்றான் ஹரீஷ்குமார்.

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் காலித்தைப் பார்த்தார்கள். "ஓ, தாராளமா" என்றது காலித்தின் வாய். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை இப்படித்தான் ஆரம்பித்தது.

வாய்க்கொழுப்பு ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது அவனுக்குச் செய்கிற அநியாயம். காலித் வேலை பார்ப்பது குவாலிட்டியில். பிரேக் பைப் செய்கிற கம்பெனி அது. மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு அட்டை கட்டுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் லைனுக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். சிரித்துக்கொண்டிருந்தவன் கீழே குனிந்து ஸ்பேனரைத் தேடுவான். இந்தப் பழக்கம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடவும் இல்லை. தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான். அவன் மனைவி சுக்ரா அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணி தைக்கிறவள். அவள் தைத்த ஜாக்கெட்டை எடுத்து விரலால் தையலை நீவிப் பார்த்து, "இங்க ஒரு தையல் தூக்குது" என்பான். அவளும் அவன் வருகிற நேரத்துக்குத் துணியை மடித்து வைத்துவிடப் பழகியிருந்தாள். தன்னைக் கண்டதும் நகர்ந்து போகாமல் ஒரே ஒரு ஜீவனாவது பக்கத்தில் வரவேண்டும் என்று அவனுக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசைக்குப் பாம்பு வந்து வாய்த்தது அவன் தலையெழுத்து.

வெளிநாட்டுப் பிராணி வளர்க்க அரசாங்கத்தில் வாங்கிய பதிவுக் காகிதத்தை முறைப்படி காலித்தின் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, ஹரீஷ்குமார் கண்ணாடிப் பெட்டி, சூடேற்றும் பாய், ஒளிந்துகொள்ள ஒரு பானை ஓடு, ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய உறைந்த எலி எல்லாவற்றையும் ஒப்படைத்தான். கூடவே உபதேசமும் செய்தான்.

"இது ரொம்ப பயந்த சுபாவம்ணா. ஒரு வாரம் தொடவே தொடாதீங்க. நீங்க போட்டுக் கழட்டின சட்டை ஒன்ன, துவைக்காம, உள்ள போட்டு வைங்க. அந்த வாசனை அதுக்குப் பழகிடும். இந்த வாசனைக்காரன் நமக்கு ஒன்னும் பண்ண மாட்டான்னு அதுக்குப் புரியணும். அப்புறம் மேலேருந்து கைய விடாதீங்க. மேலேருந்து வர்றது பருந்துன்னு நெனச்சுக்கும். பக்கத்துலேருந்து போய் அடியில கைய குடுங்க."

காலித் தலையாட்டினான். அஞ்செட்டிக்காரனுக்கே பாடமா என்பதுபோல ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தான்.

வீட்டில் சுக்ரா அந்தப் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் கட்டிலின் மேல் ஏறி நின்றாள். "யா அல்லாஹ்! உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சாங்க? மனுசன் மீன் வளப்பான், கிளி வளப்பான். இதப் போய் எடுத்தாந்திருக்கீங்களே!"

"ஒன்னும் பண்ணாது சுக்ரா. ஒன்னைவிட அது பயந்தது."

"அப்பிடின்னா ரெண்டு பேரும் ஒரே வூட்ல பயந்துகிட்டே கெடக்கறதா?"

கேள்வி நியாயமானது. காலித் பிளக்கைத் தேடினான். ஓசூர்க் குளிருக்குச் சூட்டுப்பாய் இல்லாமல் அந்த ஆப்பிரிக்க ஜீவன் தாங்காது. யுபிஎஸ் இணைப்புள்ள பிளக்கோ வீட்டில் ஒன்றே ஒன்று, சுக்ராவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே பிஸ்கெட்டின் பெட்டி அங்கேதான் வந்து உட்கார்ந்தது. சுக்ரா அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள். பார்க்காத பாம்பு இல்லாத பாம்பு என்று மனசைத் தேற்றிக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். கல்யாண சீசன், துணி குவிந்து கிடந்தது. இரண்டாம் நாள் ஐஸ்கிரீம் என்று நம்பி ஃப்ரிட்ஜில் இருந்த டப்பாவைத் திறந்தவள், அன்று முழுக்கக் காலித்தோடு பேசவில்லை. அவன் கம்பெனியிலிருந்து ஒரு சிவப்பு அட்டை கொண்டுவந்து டப்பாவில் கட்டிய பிறகுதான் ஃப்ரிட்ஜ் பக்கமே போனாள்.

துவைக்காத சட்டை காலித்துக்கு லேசில் கிடைக்கவில்லை. அவன் யூனிஃபார்ம் எண்ணெய் நாற்றத்தோடு வாசலைத் தாண்டியதுமே சுக்ரா அதைப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுவாள். கடைசியில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவனுடைய பழைய நீலக் கட்டம்போட்ட சட்டை கண்ணில் பட்டது. கசங்கியிருந்தது, வியர்வையும் கொஞ்சம் வெங்காயமும் வாசனை அடித்தது. எப்போதோ போட்டுக் கழற்றியிருப்போம் என்று எடுத்துச் சுருட்டிப் பெட்டிக்குள் பானை ஓட்டுக்கு அடியில் திணித்தான். அன்றிலிருந்து சுக்ரா கதவுக்குப் பின்னாலும் கொடியிலும் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்ன என்று காலித் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

சொன்ன வாரம் முடிந்தது. காலித் பிஸ்மில்லா சொல்லிக் கையை உள்ளே விட்டான். பிஸ்கெட் பந்தானது. காலையில் விட்டான், பந்து. ஷிஃப்ட் முடிந்து வந்து விட்டான், பந்து. கம்பெனியிலிருந்து வெல்டிங் கையுறை ஒன்றை வாங்கிவந்து மாட்டிக்கொண்டு விட்டான். இந்த முறை பந்து சீறியது. குக்கர் விசில் அடிக்கப் போகும் முன்னால் வருமே, அந்தச் சத்தம். காலித் பின்னால் சாய்ந்து அயர்ன் பாக்ஸின் மேல் உட்கார்ந்தான். நல்லவேளை, அது ஆறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தர் மணக்க வந்து, இன்றைக்காவது வாசனையில் மயங்கும் என்று முகத்தை அருகில் கொண்டுபோனான். பிஸ்கெட் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பாய்ந்தது. எலியையும் தின்னவில்லை.

"என்னைப் பார்த்து இது ஏன் இப்படிப் பயப்படுது?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டான். குரலில் ஓர் அழுகை இருந்தது. சுக்ராவுக்குப் பதில் தெரியும். ஆனால் அவள் அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் ஓனரம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

ஓனரம்மா சாந்தம்மா கீழ்வீட்டில் இருப்பவர். ஜாக்கெட் அளவு கொடுக்க மாடிக்கு வந்தார். காலித்தும் வீட்டில் இருந்தான். பெட்ஷீட்டைப் பார்த்ததும், "மீன் வாங்கனீங்களா? சொல்லவே இல்ல!" என்று ஆசையாகத் தூக்கினார். உள்ளே மண்நிறத்தில் ஒரு பந்து. "இதென்னா, பானை வைக்கற பிரிமணையா?" என்று கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்தார். பிரிமணை தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது.

பாகலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்த வண்டிகள் நின்றன என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். அது மிகை. ஆனால் சாந்தம்மா படியிறங்கிய வேகம் மிகையில்லை. செருப்பு மாடியிலேயே கிடந்தது.

காலித் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். சாந்தம்மா வாசற்படியில் உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா காலித்து, வூடு குடுக்கறப்ப நான் என்னா சொன்னன்?"

"நாய், பூனை, கோழி கூடாதுன்னு சொன்னீங்கம்மா."

"அப்பறம்?"

"இது ஒன்னும் பண்ணாதுங்கம்மா. பாம்பு கூடாதுன்னு சொல்லலைங்களே."

குவாலிட்டிக்காரனுக்குப் பட்டியலில் இருப்பது மட்டும்தான் கணக்கு. சுக்ரா மாடிப்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சாந்தம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பாம்புக்கு நான் பயந்தேன், சரி. என் கொலதெய்வமே நாகம்மா. ஆனா நீ மறைச்சு வெச்ச பாரு, துணி போட்டு மூடி, அதான் எனக்குப் பொறுக்கல. ஒன்னும் பண்ணாதுன்னு சொல்றயே, அதுவாச்சும் நெசமா? ஞாயித்துக்கெழம பேரிகைலேருந்து என் தம்பி சிவராஜ் வர்றான். அவன் கண்ணு முன்னால அத நீ கையில எடுத்துக் காட்டு. எடுத்தா இருங்க. எடுக்கலன்னா ரெண்டு தடவ பொய் சொன்னவன்னு அர்த்தம். வூட்ட காலி பண்ணிக்குங்க."

காலித்துக்கு அந்த வீடு போனால் இன்னொரு வீடு. சுக்ராவுக்கு அப்படியில்லை. இந்த வீடு கிடைக்கும் முன்னால் அவள் ஏறி இறங்கிய படிகள் அவளுக்குத்தான் தெரியும். பேரைக் கேட்டதும், "நேத்துதான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்மா" என்று கதவு சாத்திய வீடுகள் எத்தனையோ. சாந்தம்மா ஒருத்திதான் பேரைக்கூடக் கேட்காமல், "மோட்டார் போட்டா நிறுத்த மறக்க மாட்டியே?" என்று மட்டும் கேட்டுச் சாவியைக் கொடுத்தவர். அந்தத் தெருவில் ஒவ்வொரு பெண்ணின் அளவும் சுக்ராவின் விரல்நுனியில் இருந்தது. வேறு தெருவுக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"பாம்பை வித்துத் தொலைங்க, தூக்கி எறியுங்க, எனக்குத் தெரியாது" என்று அன்று ராத்திரி சொன்னாள். பிறகு அவளே, "அதுவும் முடியாதே. இப்ப தூக்கிட்டா, பொய்தான் சொன்னான்னு ஆயிடுமே" என்று அழுதாள். காலித் ஆறுதலாக அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்து, கடைசியில் பாம்பைத் தொடப் போனான். பந்து.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு அவன் மாடியேறி வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுக்ரா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காவேரிப்பட்டினத்துத் தங்கை ஜைபாவோடு பேசியபடியே தைத்துக்கொண்டிருந்தாள். பெட்ஷீட் ஒருபக்கம் நழுவியிருந்தது. காலித் அப்படியே நின்றுவிட்டான்.

பிஸ்கெட் பந்தாக இல்லை. அவிழ்ந்து, நீண்டு, சுக்ரா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. அவள் முழங்கை முன்னால் போனால் அதன் தலையும் முன்னால் வந்தது, பின்னால் வந்தால் பின்னால் போனது. இத்தனை நீளமானது என்று காலித்துக்கு அன்றுதான் தெரியும். அவனுக்குக் கோபம் வந்தது. சொன்னால் வெட்கம், வந்தது பொறாமை.

"சுக்ரா" என்றான். "அது ஒன்னைத்தான் பாத்துகிட்டு இருக்குது."

சுக்ரா திரும்பினாள். போன் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் பிஸ்கெட் சட்டைக்குள் புகுந்தது. கூச்சல் பாதியில் நின்றது.

"அது என் சட்டைங்க! நான் வூடு பூராத் தேடறன், அத இதுக்குப் போட்டு வெச்சிருக்கீங்களா?"

"ஒன் சட்டையா? அது என் சட்டை."

"வாங்கினது நீங்க. ரெண்டு வருசமா நைட்டிக்கு மேல போட்டுகிட்டுத் திரியறது நானு. சமைக்கறப்ப, பாத்திரம் தேய்க்கறப்ப, பால்காரன் வந்தா, தண்ணி புடிக்கப் போனா. தெனமும் அதத்தான போட்டிருக்கறன். நீங்க பாக்கலியா?"

காலித் யோசித்துப் பார்த்தான். தோசையில் கருகிய இடம் ஞாபகம் வந்தது. ஜாக்கெட்டில் தூக்கிய தையல் ஞாபகம் வந்தது. சுக்ரா காலையில் என்ன போட்டிருப்பாள் என்பது ஞாபகம் வரவில்லை. 

கீழே கிடந்த போனில் ஜைபா, "அக்கா! அக்கா! என்னாச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஒன்னுமில்லடி" என்று போனை எடுத்துச் சொன்னாள் சுக்ரா. "ஒங்க மச்சான் பாம்புக்கு என் சட்டையைப் போட்டுப் பழக்கியிருக்காரு. அது என்னை அதோட ஆளுன்னு நெனச்சுகிச்சு."

சொல்லி முடித்ததும்தான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

"முடியாது" என்றாள் சுக்ரா. அவன் இன்னும் கேட்கவே இல்லை. "செத்தாலும் முடியாது." அடுப்படிக்குப் போனாள். டீ போட்டாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு அருணா மொட்டை மாடியில் சுக்ரா தைத்த சுடிதாரைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டீ ஆறியது. திரும்பி வந்து மிஷின் ஸ்டூலில் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மூடியத் தெறங்க. நான் பாக்க மாட்டன். கைய மட்டும் வெக்கறன்."

கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தெரிந்த துஆவையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு, ஏதோ கடையில் வளையல் அளவு பார்க்கக் கொடுப்பதுபோலக் கையைப் பின்பக்கமாகப் பெட்டிக்குள் நீட்டினாள். காலித் பக்கத்தில் நின்று கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வெளிய வருது... நாக்க நீட்டுது... ஒன் விரல்கிட்ட வந்திருச்சு..."

"தல எந்தப் பக்கம்? தல எந்தப் பக்கம்?"

"ஒன் பக்கந்தான்."

"அப்பிடிச் சொல்லாதீங்க!"

குளிர்ந்த, காய்ந்த, கனமான ஒன்று அவள் விரல்களில் ஏறியது. வழவழவென்று இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இது நல்ல பட்டுத்துணிபோல இருந்தது. மணிக்கட்டை ஒருசுற்று சுற்றி அது நின்றுவிட்டது. சுக்ரா ஒரு கண்ணைத் திறந்தாள். மெல்ல இன்னொரு கண்ணையும் திறந்தாள். பிறகு, "பாவம், ஜில்லுன்னு கெடக்குதுங்க" என்றாள்.

மறுநாள் சாந்தம்மா தலைக்குக் குளித்து, கையில் மஞ்சள் குங்குமத் தட்டோடு மாடியேறினார். பாம்பின் மேல் கோபமா, நாகம்மாவுக்கு மரியாதையா என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டுக்கும் தயாராக வந்திருந்தார். பின்னால் தம்பி சிவராஜ், ஆறடி உயரம், கையில் ஒரு மூங்கில் கம்பு. பேரிகைச் சந்தையில் தக்காளி மண்டி வைத்திருப்பவர்.

"எத்தன பாம்பு பாத்திருக்கறன். தக்காளிக் கூடைக்குள்ள கைய விட்டா வரும்" என்று படியிலேயே ஆரம்பித்தார். காலித்துக்கு அந்தக் குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. கேன்டீனில் தன்னுடைய குரல்தான்.

"மொதல்ல அந்தக் கம்ப வெளிய வைங்கண்ணா. பயந்துக்கும்" என்றாள் சுக்ரா. அவள் முகம் வெளுத்துத்தான் இருந்தது. துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்தமுறை கண்ணைத் திறந்தபடியே பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டாள். ஹரீஷ்குமாரின் உபதேசத்தைக் காலித் ராத்திரியே ஒப்பித்திருந்தான். அதன்படி பக்கத்திலிருந்து போய் அடியில் கொடுத்தாள். பிஸ்கெட் சாவகாசமாக ஏறி, அவள் முழங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. சாந்தம்மாவின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அம்மா தாயே! கொழந்த மாதிரி படுத்திருக்குதே!"

சிவராஜ் கட்டிலுக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து நியாயம் பேசினார். "அதெல்லாம் சரிக்கா. வாக்கு குடுத்தது யாரு? இவரு. எடுத்தது யாரு? அந்தப் பொண்ணு. ஒன்னும் பண்ணாதுன்னு சொன்னவரு எடுக்கட்டுமே."

சாந்தம்மா யோசித்தார். "அவன் சொல்றதும் நாயந்தான். சுக்ரா பொய் சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியும். மறைச்சு வெச்சது நீதான் காலித்து. நீ எடு."

அறையில் எல்லோரும் காலித்தைப் பார்த்தார்கள். வாய் பேசி முடித்த பிறகு கை செய்ய வேண்டிய நேரம். அவன் சுக்ராவின் முன்னால் வந்து நின்று, பதற்றத்தில் பாடம் மறந்து, கையை உயர்த்தி, மேலிருந்து கொண்டுவந்தான். பிஸ்கெட்டின் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. உடம்பு சுருள ஆரம்பித்தது. போச்சு, பந்தாகப் போகிறது. வீடு போகப் போகிறது.

"மேலேருந்து வராதீங்க" என்றாள் சுக்ரா மெதுவாக. "அத அப்பிடிப் பாக்காதீங்க. எங்க தப்பு இருக்குதுன்னு பாக்கற மாதிரியே பாக்கறீங்க. என்னையும் அப்பிடித்தான் பாக்கறீங்க. யாருதான் கிட்ட வருவாங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குப் பதில் இருந்திருக்கும். பாம்புக்குச் சொல்கிற குரலிலேயே சொன்னாள். காலித் கையை இறக்கினான்.

"என் கைக்கு அடியில ஒங்க கைய வைங்க. ஒன்னும் பண்ணாதீங்க. சும்மா வெச்சிருங்க."

வைத்தான். அவள் கை ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தது. அந்தக் கையை அவன் கடைசியாக எப்போது பிடித்தான் என்று அவனுக்கே நினைவில்லை. அவன் உள்ளங்கை நடுங்கியது. நடுக்கம் அவள் கைவழியாகப் பாம்பு வரைக்கும் போயிருக்க வேண்டும், அது தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது.

"நடுங்குறீங்களா?"

"பயமா இருக்குது" என்றான் காலித். ஓனரம்மா, அவர் தம்பி, திறந்த கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த அருணா, எல்லோர் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னான். "எனக்கு இதப் பாத்தா ஆரம்பத்துலேருந்தே பயம். ஒன்னும் பண்ணாதுன்னு ஒங்கள்ட்ட சொன்னது, எனக்கு நானே சொல்லிகிட்டதுங்கம்மா. இது பயந்து சுருண்டுக்குதுன்னு எல்லார்ட்டயும் சொன்னன். நான்தான் பயந்தன்."

சொன்னதும் அவன் தோள் கீழே இறங்கியது. விரல்கள் தளர்ந்தன. பிஸ்கெட் கொஞ்சநேரம் நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சோதித்தது. பிறகு சுக்ராவின் விரல் இடுக்கு வழியாக வழிந்து, அவன் உள்ளங்கையைத் தாண்டி, மணிக்கட்டில் ஏறியது. மிச்ச உடம்பும் பின்னால் வந்தது. அதன் தொண்டை மேலும் கீழும் துடிப்பது அவன் தோலில் தெரிந்தது. இதற்கும் நம் மாதிரிதானா என்று அவனுக்குத் தோன்றியது. 

அது தலையை ஒருமுறை கட்டில் பக்கம் திருப்பியது. "வண்டில தக்காளி ஏத்தி வெச்சிட்டு வந்துட்டன், வெயில்ல கெட்டுப்போயிடும்" என்று சொல்லிக்கொண்டே சிவராஜ் படியிறங்கும் சத்தம் கேட்டது. வந்தது பைக்கில்.

சாந்தம்மா காலித்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாள்ல இன்னிக்குத்தான்டா நீ என்கிட்ட ஒரு உண்மை பேசியிருக்கற" என்றார். "முன்ன சொன்ன பொய்ய மன்னிச்சிட்டன். வூட்ல இருங்க." பிறகு குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு அருகில் வந்தார். "ஒரு பொட்டு வெக்கட்டுமா?"

"வேணாம்மா. அதுக்கு அந்த வாசன ஒத்துக்காது" என்றாள் சுக்ரா.

"சரி, தொடவாச்சும் தொடறன்." ஒரு விரலை நீட்டி வாலில் பட்டும் படாமல் வைத்து, உடனே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பிஸ்கெட்டம்மா, எங்கள எல்லாம் காப்பாத்து" என்றார். கீழே போகும்போது அருணாவிடம், மாடிவீட்டில் அம்மன் இறங்கியிருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை வந்தால் பார்க்கலாம் என்றும், காலித்தையும் சுக்ராவையும் கேட்காமலே நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டுச் சுக்ரா திரும்பினாள். காலித் இருந்த இடத்திலேயே, இருந்த நிலையிலேயே நின்றுகொண்டிருந்தான். நீட்டிய கையை மடக்கக்கூட இல்லை. பிஸ்கெட் அவன் முழங்கை வளைவில் தலையை வைத்துக் கண்மூடாமல் தூங்குவதுபோலக் கிடந்தது.

"போதுங்க, குடுங்க. அதுக்குக் குளிரப் போவுது."

"கொஞ்ச நேரம் இரு சுக்ரா."

"கை வலிக்கலியா?"

"வலிக்குது" என்றான். கையை எடுக்கவில்லை. சுக்ரா ஒரு ஸ்டூலை இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டாள். அவன் உட்கார்ந்தான். அவள் பாதியில் விட்டிருந்த ஜாக்கெட்டை எடுத்து, மடித்து வைக்காமல், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.